பாலி தீவில் "சொந்த" பங்களா! வெளிநாட்டுக்காரர் வாங்குவது நிலம் அல்ல, வருஷம்தான்!

சம்மட்டி அடி விழுந்தது. சுவர்கள் சரிந்தன. கடலைப் பார்த்துக் கட்டிய ஓட்டல்களும் விடுதிகளும் ஒவ்வொன்றாக நொறுங்கின. அங்கே வேலை பார்த்துப் பிழைத்தவர்கள் கதறி அழுதார்கள்.

இது நடந்தது இந்தோனேசியா நாட்டில் உள்ள பாலி தீவில். 2025-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி, தீவின் தெற்கே உள்ள பிங்கின் கடற்கரைக்கு அதிகாரிகள் பெரும் படையோடு வந்தார்கள். கவர்னர் வயான் கோஸ்டரும் வந்தார். மலைச் சரிவில் இருந்த 40-க்கும் மேற்பட்ட கட்டிடங்களை இடிக்கும் வேலை அன்று தொடங்கியது.

காரணம் என்ன? கட்டிடங்கள் நின்ற இடம் அரசாங்கப் புறம்போக்கு! அங்கே பணம் போட்டவர்களில் வெளிநாட்டுக்காரர்களும் உண்டு.

பாலி அழகான தீவு. கடல், தென்னை, படிப்படியாக இறங்கும் நெல் வயல். ஒரு முறை வந்து போன ஆஸ்திரேலியர், ரஷ்யர், ஐரோப்பியர் பலருக்கு இங்கேயே ஒரு பங்களா வாங்கிப் போட்டால் என்ன என்று ஆசை வந்து விடுகிறது. தரகர்களுக்குக் கொண்டாட்டம். "இன்றைக்கே வாங்குங்கள். நாளைக்கே வாடகை கொட்டும்" என்கிறார்கள்.

ஆனால் "வாங்குங்கள்" என்ற பேச்சிலேயே வில்லங்கம் இருக்கிறது.

1960 சட்டம்

இந்தோனேசியாவில் வெளிநாட்டுக்காரர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆக முடியாது. 1960-ம் ஆண்டு 5-வது நிலச் சட்டம் அப்படிச் சொல்கிறது. முழு உரிமைக்கு அங்கே "ஹக் மிலிக்" என்று பெயர். அது அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய காயம் உண்டு. டச்சுக்காரர் ஆட்சியில் 1870-ல் வந்த சட்டப்படி, தோட்ட முதலாளிகள் 75 ஆண்டுக் குத்தகைக்கு நிலத்தை வளைத்துப் போட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1960 சட்டம் அந்தச் சட்டத்தை ஒழித்துக் கட்டியது.

பினாமி போட்டால்?

சிலர் குறுக்கு வழியில் போகிறார்கள். பணம் வெளிநாட்டுக்காரருடையது. பத்திரம் உள்ளூர்க்காரர் பெயரில். டிரைவர், நண்பர், காதலி என்று யார் பெயராவது இருக்கும். அவரிடம் கடன் பத்திரம், பவர் பத்திரம் எல்லாம் எழுதி வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துக் கொள்கிறார்கள்.

இது சுத்த ஆபத்து. அதே சட்டத்தின் 26-வது பிரிவு, நேராகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டுக்காரருக்கு நிலத்தைக் கொடுத்தால் அது செல்லாது என்கிறது. நிலம் அரசாங்கத்துக்குப் போய்விடும். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது.

பினாமி ஒரு நாள் "இது என் நிலம்" என்று கையை விரித்தால் என்ன செய்வது? கோர்ட்டுக்குப் போகலாம். போனால், "சட்டத்தை ஏமாற்றத்தான் இப்படிச் செய்தேன்" என்று தானே ஒப்புக் கொண்ட மாதிரி ஆகும். பத்திரத்தில் பெயர் உள்ளவர்தான் சொந்தக்காரர். யார் பணத்தில் வாங்கினார் என்பது கணக்கில்லை என்று அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டும் 2020-ல் சுற்றறிக்கை விட்டுவிட்டது.

போக்கியம் அல்ல!

நேர் வழி குத்தகைதான். பெரும்பாலும் 25 அல்லது 30 ஆண்டுக்கு எழுதுகிறார்கள். நிலத்தை "ஆரே" கணக்கில் பேசுகிறார்கள். ஒரு ஆரே என்பது 100 சதுர மீட்டர். நம்ம கணக்கில் சுமார் 2½ சென்ட். ஒரு ஆரேக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசி, அத்தனை ஆண்டுக்கும் பெருக்கி, முழுப் பணத்தையும் முதலிலேயே எண்ணி வைக்க வேண்டும்.

நம்ம ஊர் போக்கியம் என்று நினைத்து விடக் கூடாது. போக்கியத்தில் கெடு முடிந்ததும் பணம் கைக்கு வரும். பாலிக் குத்தகையில் ஒரு காசு திரும்பாது. அது முன்கூட்டியே கட்டிய வாடகை. கெடு முடிந்ததும் நிலம் சொந்தக்காரருக்குப் போகும். வேறு மாதிரி எழுதி இருந்தால் ஒழிய, அதில் கட்டிய பங்களாவும், நீச்சல் குளமும் அவருக்கே!

பேச்சுக்கு ஒரு கணக்கு. 25 ஆண்டுக் குத்தகைக்கு 50 லட்சம், வீடு கட்ட 50 லட்சம், ஆக 1 கோடி ரூபாய் போட்டதாக வைத்துக் கொள்ளுங்கள். ஆண்டுக்கு 4 லட்சம் கரைகிறது. 10 ஆண்டு கழித்து விற்கப் போனால், வாங்குகிறவருக்குக் கிடைப்பது மிச்சம் உள்ள 15 ஆண்டு மட்டும்தான். அதற்குத் தகுந்த விலையைத்தான் கேட்பார். சொந்த நிலம் நாள் ஆக ஆக ஏறும். குத்தகை நாள் ஆக ஆகத் தேயும்.

"கெடு முடிந்ததும் நீட்டித்துக் கொள்ளலாம்" என்று தரகர் சொல்வார். பத்திரத்தில் "அன்றைய மார்க்கெட் விலைக்கு" என்று ஒரு வரி இருக்கும். அன்றைய விலை என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? நீட்டிப்புக்கு உள்ள விலையை, அல்லது விலை போடும் முறையையாவது, முதல் நாளே எழுதி வாங்கினால்தான் அந்த வரிக்கு மதிப்பு.

கையெழுத்து எத்தனை?

நில ஆபீசில் பத்திரம் உண்மையா, அடமானத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. அரசு அங்கீகாரம் பெற்ற "நோட்டாரிஸ்" முன்னால்தான் எழுத வேண்டும்.

பாலியில் நிலம் பெரும்பாலும் குடும்பச் சொத்து. அண்ணன், தம்பி, மனைவி எல்லோருக்கும் பேச்சு உண்டு. ஒருவர் கையெழுத்து விட்டுப் போனாலும் பிறகு தகராறுதான். சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. சொந்தக்காரர் நிலத்தை விற்றாலும், இறந்து போனாலும், முறையாக எழுதிய குத்தகை முறியாது. ஆனால் அந்த "முறையாக" என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

உள்குத்தகைக்கு விட அனுமதி உண்டா, வீட்டுக்குப் போகும் பாதை யாருடையது என்பதையும் எழுதிக் கொள்ள வேண்டும். பாதை அடுத்தவர் வயல் வழியாக இருந்தால், ஒரு வேலி போதும், பங்களா தீவாகிவிடும்.

பச்சை நிறம் உஷார்

நிலம் சரியாக இருந்தாலும், அதில் கட்டலாமா என்பது வேறு கேள்வி. வரைபடத்தில் எந்த இடத்தில் வீடு, எங்கே ஓட்டல், எங்கே விவசாயம் என்று நிறம் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். பச்சை என்றால் விளைநிலம். கட்டக் கூடாது.

உபுட் என்ற ஊரில் ரஷ்யர்கள் அதிகம் தங்கிய ஒரு பெரிய குடியிருப்பு வளாகத்தை, 2025 ஜனவரியில் அதிகாரிகள் இழுத்து மூடினார்கள். பாதுகாக்கப்பட்ட வயலை அழித்துக் கட்டியதாகப் போலீஸ் கேசும் பாய்ந்தது. உயரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. பாலியில் பொதுவாக 15 மீட்டருக்கு மேல், அதாவது தென்னை மர உயரத்துக்கு மேல், கட்டிடம் எழும்பக் கூடாது.

வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட லைசென்சு வேண்டும். வெளிநாட்டுக்காரர் அதற்குத் தனிக் கம்பெனி தொடங்க வேண்டும். அதன் முதலீட்டுத் திட்டம் 1,000 கோடி ரூபியாவுக்கு மேல், நம்ம பணத்தில் சுமார் 5 கோடி ரூபாய். "வாடகை கொட்டும்" என்ற தரகர் இதைச் சொல்ல மாட்டார்.

வயல்காரர் பக்கம்

இதில் நிலத்துக்காரர் நிலை வேறு. நெல் போட்டுப் பார்க்காத பணத்தை அவர் ஒரே நாளில் பார்க்கிறார். நிலமும் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் கான்கிரீட் போட்ட வயல் மறுபடி வயல் ஆவது நடக்கிற காரியமா? கோவிலும் விவசாயிகளும் சேர்ந்து தண்ணீர் பங்கிடும் "சுபாக்" முறையை 2012-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒரு வயல் போனால் அடுத்த வயலுக்குப் போகிற வாய்க்காலும் அடைபடுகிறது.

குத்தகையே கூடாது என்பதில்லை. அங்கே 20 ஆண்டு நிம்மதியாக வாழ நினைப்பவருக்கு அது நல்ல ஏற்பாடுதான். பேரன் பேத்திக்குச் சொத்து சேர்க்க நினைப்பவருக்கு அல்ல. அந்தப் பங்களா கடைசியில் பேரனுக்குத்தான் போகும். ஆனால் அது நிலத்துக்காரரின் பேரன்!