சுவரும் சித்திரமும்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பற்றி ஒரு பார்வை

'சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்' என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. உடல் நலத்தின் அருமையை எடுத்துரைக்க நாம் அதைக் கையாள்கிறோம். ஆனால், சுவரைக் காட்டியே சித்திரக்காரனை அழைத்து வரும் விந்தை ஒன்று அமெரிக்க நாட்டில் கால் நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. அங்குள்ள பல்கலைக் கழகங்கள் கோடிக்கணக்கான டாலர் செலவில் பயிற்சிக் கூடங்களைக் கட்டுகின்றன. அவற்றைக் காட்டிப் பள்ளி மாணவர்களைத் தம் கால்பந்து அணிக்கு ஈர்க்கின்றன. கட்டடத்தைப் பார்த்து ஒரு மாணவன் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பானா? தேர்ந்தெடுத்தால் அது அறிவுடைமை ஆகுமா? பொருளாதாரம் பயிலும் மாணவன் என்ற முறையில் இக்கேள்விகள் என்னைக் கவர்ந்தன. நான் படித்தறிந்தவற்றை நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்தக் கால்பந்து?

முதலில் ஓர் ஐயத்தைப் போக்கிவிட வேண்டும். அமெரிக்கர் 'கால்பந்து' என்று சொல்வது நாம் மாலை வேளைகளில் ஆடும் ஆட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரணியினரை மோதித் தள்ளியும் ஆடுவது அது. ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகளுக்கிடையே 1869 நவம்பர் 6-ஆம் நாள் நடந்த போட்டியே கல்லூரிக் கால்பந்தின் தொடக்கம் என்பர். இன்று அதன் வளர்ச்சியை அறிய ஒரே ஒரு கணக்குப் போதும். 1927-இல் திறக்கப்பட்ட மிச்சிகன் பல்கலைக் கழக அரங்கில் இப்போது 1,07,601 பேர் அமரலாம். ஒரு கல்லூரி மைதானத்தில் ஒரு நகரமே அமர்ந்திருக்கிறது!

தொழில்முறை அணிகள் தம் வீரர்களைப் பெரும்பாலும் கல்லூரி அணிகளிலிருந்தே எடுத்துக் கொள்கின்றன. ஆகவே, பதினேழு பதினெட்டு வயதில் எந்தக் கல்லூரியில் சேர்வது என்னும் முடிவு, ஒரு வீரனின் எதிர்காலத்தையே நிர்ணயிக்கக் கூடியது.

இரண்டு நாள் விருந்து

திறமை வாய்ந்த பள்ளி வீரனைத் தேடிப் பல்கலைக் கழகப் பயிற்றுநர்கள் அவன் வீட்டுக்கே வருவார்கள். பின்னர், பல்கலைக் கழகத்தின் செலவிலேயே அவனைத் தம் வளாகத்துக்கு அழைப்பார்கள். இரண்டு நாள் அளவில் நடக்கும் இவ்வருகையில் விடுதி, வகுப்பறை, மைதானம், உடை மாற்றும் அறை, பளு தூக்கும் கூடம், உணவுக் கூடம் ஆகிய அனைத்தும் அவனுக்குக் காட்டப்படும். அணியின் சீருடையை அணிவித்துப் படமும் எடுப்பார்கள்.

நம் ஊரில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிப்பதில்லையா? அதைப் போன்றதே இது. இரண்டு நாளில் ஒரு பயிற்றுநரின் பொறுமையைக் காட்ட முடியாது. ஆசிரியரின் அக்கறையைக் காட்ட முடியாது. கட்டடத்தைக் காட்டலாம். அக்கட்டடம் மூன்று செய்திகளை மாணவனிடம் சொல்கிறது. ஒன்று, 'இங்கே மழையானாலும் பனியானாலும் பயிற்சி நிற்காது' என்பது. இரண்டு, 'இவ்வூரார் உன் ஆட்டத்தை மதிக்கிறார்கள்' என்பது. மூன்று, 'எங்களிடம் பணம் இருக்கிறது. இனியும் இருக்கும்' என்பது. பயிற்றுநர் அடுத்த ஆண்டே வேறு ஊருக்குப் போய்விடலாம். கட்டடம் எங்கும் போகாது.

மழை ஊரின் கதை

இதற்குச் சிறந்த சான்று ஆரெகன் பல்கலைக் கழகம். அது அமைந்துள்ள யூஜின் நகரம் குளிர்காலமெல்லாம் மழை பொழியும் ஊர். கால்பந்து வீரர்கள் மிகுதியாக விளையும் மாநிலமும் அன்று அது. கலிபோர்னியா போன்ற வெளி மாநிலங்களிலிருந்தே வீரர்களை அழைத்து வர வேண்டும். வெயிலில் வளர்ந்த பிள்ளை மழையில் வந்து ஆட எளிதில் இசைவானா?

1996 ஜனவரி முதல் நாள் டல்லாஸ் நகரில் நடந்த காட்டன் பௌல் போட்டியில் கொலராடோ அணியிடம் ஆரெகன் 38-6 என்ற கணக்கில் தோற்றது. அப்பல்கலைக் கழகத்தின் பழைய மாணவரும் நைக்கி நிறுவனத்தை நிறுவிய இருவருள் ஒருவருமான பில் நைட், 'மேலே உயர என்ன வேண்டும்?' என்று பயிற்றுநர் மைக் பெலோட்டியிடம் வினவினார். உள்ளரங்கப் பயிற்சிக் கூடம் வேண்டும் என்பதே கிடைத்த விடை. 1998-இல் அக்கூடம் திறக்கப்பட்டது. 2013-இல், 6 கோடியே 80 லட்சம் டாலர் மதிப்புடையதாகச் சொல்லப்பட்ட மாளிகை ஒன்றும் எழுந்தது. அதன் பளு தூக்கும் கூடத்துக்குத் தரையாக இடப்பட்டது பிரேசில் நாட்டுக் கடின மரம்! 2011 ஜனவரியிலும் 2015 ஜனவரியிலும் ஆரெகன் அணி தேசிய இறுதிப் போட்டியில் ஆடியது. 2014-ஆம் ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதைப் பெற்ற அதன் வீரர் மார்கஸ் மரியோட்டா, கடல் கடந்த ஹவாய்த் தீவிலிருந்து வந்தவர்.

பெரும் பணம் இன்றியும் பெயர் பெறலாம் என்பதற்கு இடாஹோ மாநிலத்தின் பாய்சி ஸ்டேட் சான்று. 1986-இல் அவர்கள் செய்தது ஒன்றே ஒன்று. மைதானத்தின் செயற்கைப் புல்லைப் பச்சையாக இடாமல் நீலமாக இட்டார்கள். பார்த்தவர் மறக்கவில்லை. 2007 ஜனவரி முதல் நாள் அந்த அணி வலிமை மிக்க ஓக்லஹோமாவை 43-42 என்று வென்றபோது நாடே வியந்தது.

ஏன் கட்டடம்?

இங்கேதான் பொருளாதாரம் நுழைகிறது. கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. என்னும் அமைப்பு, வீரர்களுக்குச் சம்பளம் கூடாது என்று நெடுங்காலம் விதித்திருந்தது. கல்விக் கட்டணம், உணவு, உறைவிடம், நூல்கள் ஆகியவற்றுக்கான உதவித்தொகையோடு சரி. 1984-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால், கால்பந்து ஒளிபரப்பு உரிமையில் அவ்வமைப்புக்கு இருந்த ஏகபோகம் உடைந்தது. பின்னர் தொலைக்காட்சிப் பணம் வெள்ளமெனப் பாய்ந்தது. நன்கொடையாளரும் வாரி வழங்கினர்.

வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் நின்றுவிடுமா? வரப்பில் எங்கே உடைப்பு இருக்கிறதோ அங்கே பாயும். வீரனின் கையில் கொடுக்கக் கூடாது என்ற பணம், பயிற்றுநரின் ஊதியமாகவும் கட்டடமாகவும் பாய்ந்தது. கிளெம்சன் பல்கலைக் கழகம் 2017-இல் 5 கோடியே 50 லட்சம் டாலரில் கட்டிய வளாகத்தில் சறுக்கு மரமும், பந்துருட்டும் ஆடுகளமும், சிறு கோல்ஃப் மைதானமும், உறங்கும் அறையும் உண்டு. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக் கழகம் மிச்சிகன் ஏரிக் கரையில் 27 கோடி டாலர் செலவிட்டு 2018-இல் விளையாட்டு மாளிகை திறந்தது. சம்பளம் தடுக்கப்பட்டபோது சுவரே சம்பளமாயிற்று என்பது என் முடிபு.

எல்லோரும் எம்பி நின்றால்

தேர்த் திருவிழாவில் முன்வரிசையார் நுனிக்காலில் எம்பி நின்றால் பின்வரிசையாரும் எம்பத்தான் வேண்டும். முடிவில் அனைவருக்கும் கால் வலிக்குமே தவிர, ஒருவருக்கும் தேர் கூடுதலாகத் தெரியாது. கட்டடப் போட்டியும் அத்தகையதே. முதலில் கட்டியவருக்குக் கிடைத்த ஆதாயம், எல்லோரும் கட்டியபின் மறைந்துவிடுகிறது. பிறகு, கட்டாதவர் இழப்பார் என்ற அச்சமே கட்டச் சொல்கிறது.

கட்டடத்தால் வெற்றியா, வெற்றியால் கட்டடமா என்பதும் ஆராயத் தக்கது. கிளெம்சன் அணி தேசியப் பட்டம் வென்றது 2017 ஜனவரி 9 அன்று. அப்பட்டத்தை வென்ற வீரர்கள் புதிய வளாகத்தில் பயின்றவர் அல்லர். 2019 ஜனவரியில் அந்த அணி மீண்டும் வென்றது உண்மையே. ஆயினும், முதல் வெற்றிக்கு வித்திட்டவர்கள் மனிதர்களே.

ஆசிரியப் பெருமக்கள் கருதத் தக்க மற்றொரு செய்தியும் உண்டு. 2019-இல் லூயிசியானா மாநிலப் பல்கலைக் கழகம் 2 கோடியே 80 லட்சம் டாலரில், வீரர்கள் படுத்து ஓய்வெடுக்கும் வசதியோடு கூடிய உடை மாற்றும் அறை முதலியவற்றைத் திறந்தது. அது தனியார் நன்கொடை. அதே வளாகத்து நூலகத்தில் மழை நீர் ஒழுகுகிறதே என்று அப்போது குரல் எழுந்தது. அவ்வாண்டுப் பட்டத்தை அந்த அணியே வென்றது. நூலகத்தை எந்தப் பள்ளி வீரனுக்கும் யாரும் பெருமையோடு சுற்றிக் காட்டியிருக்க மாட்டார்கள்.

தொட்டியின் பாடம்

இதுவரை கூறியவை பணத்தின் கதை. உயிரின் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மேரிலாந்து பல்கலைக் கழகத்தில், பழைய கூடைப்பந்து அரங்கைப் புதுப்பித்து அமைத்த உள்ளரங்கக் கால்பந்து மைதானம் 2017-இல் திறக்கப்பட்டது. 2018 மே 29 அன்று, அப்பல்கலைக் கழக அணியின் 19 வயது வீரர் ஒருவர் ஓட்டப் பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலுக்கு ஆளானார். அத்தகையவரை உடனே குளிர்ந்த நீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குளிர்விப்பதே உயிர் காக்கும் முறை. அது செய்யப்படவில்லை. ஜூன் 13-இல் அவர் இறந்தார். பல்கலைக் கழகம் பின்னர்ப் பொறுப்பேற்றுக் கொண்டது.

தண்ணீர்த் தொட்டி எவரையும் ஈர்க்காது. அதன் முன் நின்று யாரும் படம் எடுத்துக் கொள்வதில்லை. வீரனை அழைத்து வரும் வசதி வேறு. வந்த வீரனைக் காக்கும் வசதி வேறு. முன்னதற்குப் போட்டியிடும் உலகம் பின்னதை மறந்துவிடக் கூடும்.

இன்றைய மாற்றம்

2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்கு அளித்துப் பொருள் ஈட்டலாம். 2025 ஜூன் 6 அன்று நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக் கழகம் முதல் ஆண்டில் தன் வீரர்களுக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். அடைத்த வாய்க்கால் திறந்துவிட்டது. சுவருக்குப் போன பணத்தில் ஒரு பகுதி இனிச் சித்திரக்காரனின் கைக்கே போகும். மாளிகைகள் இடிந்துவிடப் போவதில்லை. ஆனால் அழைப்பதற்கு அவை மட்டும் போதா.

நண்பர்களே! அவர்களுடைய செல்வம் நமக்கில்லை. ஆனால் மைதானம் என்பது காட்சிப் பொருளா, பயன்படு பொருளா என்ற கேள்வி எல்லாக் கல்லூரிக்கும் பொதுவானது. சமன் செய்த தரை, குடிநீர், முதலுதவிப் பெட்டி, மாலையில் உடனிருக்கும் ஓர் ஆசிரியர் ஆகிய இவை எந்த விளம்பரத்திலும் இடம் பெறுவதில்லை. விளையாட்டு வசதிக்கென்று எங்கே நிதி ஒதுக்கப்பட்டாலும், முதலில் இவற்றுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று மாணவராகிய நாம் கேட்போம். சுவர் உறுதியாக இருக்கட்டும். வண்ணம் பிறகு பூசிக் கொள்ளலாம்.