ஓயு தொல்கோய் செப்புப் படிவு ஆய்வு

ஓயு தொல்கோய் செப்புப் படிவு ஆய்வு என்பது மங்கோலியாவின் தென்கோபி மாகாணத்தில் 1996 முதல் சுரங்க நிறுவனங்கள் நடத்திய புவியியற்பியல் அளவாய்வுகளையும் துளையிடல்களையும் குறிக்கும். உலகின் மிகப்பெரிய செப்பு, பொன் படிவுகளுள் ஒன்று இந்த ஆய்வினால் கண்டறியப்பட்டது. ஒரே நிலத்தில் இரண்டு நிறுவனங்கள் அடுத்தடுத்துத் தேடின. முதல் நிறுவனம் 23 துளைகள் இட்டபின் விலகிக்கொண்டது. இரண்டாவது நிறுவனம் 150ஆம் துளையில் ஒரு படிவையும், 270ஆம் துளையில் அதைவிடச் செறிந்த மற்றொரு படிவையும் கண்டது. நிலத்தின்மேல் வைக்கும் எந்தக் கருவியும் செப்பை நேரடியாகக் காட்டுவதில்லை. அளவுக்கோடுகளை எந்தத் திசையில் இடுவது, துளையை எவ்வளவு ஆழத்தில் நிறுத்துவது என்ற முடிவுகளே பல நேரங்களில் படிவு கிடைப்பதையும் கிடைக்காமற்போவதையும் தீர்மானிக்கின்றன. இவ்விடத்தின் வரலாறு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இடம்

தலைநகர் உலான்பத்தாரிலிருந்து தெற்கே சுமார் 550 கிலோமீட்டர் தொலைவிலும், சீன எல்லைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலும் கான்போக்து வட்டாரத்தில் ஓயு தொல்கோய் அமைந்துள்ளது. மங்கோலிய மொழியில் இப்பெயருக்கு நீலப்பச்சைக் கல் குன்று என்பது பொருள். தாழ்ந்த குன்றுகளின் பாறைமுகங்களில் படிந்திருந்த பச்சை நிறச் செப்புக் கறையை வெண்கலக் காலத்து மக்களே அறிந்திருந்தனர். அவர்கள் தோண்டிய சிறு குழிகளின் தடயங்கள் அங்கு காணப்பட்டன.

இங்குள்ள தாது போர்பிரி வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 37 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியக் காலத்தின் பிற்பகுதியில், நிலத்தடியில் ஊடுருவிய பாறைக்குழம்பிலிருந்து வெளியேறிய வெந்நீர்மங்கள் சுற்றுப்பாறையின் வெடிப்புகளில் செப்புக் கனிமங்களைப் படியவைத்தன. சால்கோபைரைட்டு, போர்னைட்டு ஆகியவை முதன்மையானவை. இவை பாறை முழுவதும் பொடிப்பொடியாகவும் மெல்லிய நரம்புகளாகவும் பரவியிருக்கும். ஒரு டன் பாறையில் செப்பு சில கிலோகிராம் அளவே இருந்தாலும், பாறையின் மொத்த அளவு மிகப் பெரிது என்பதால் சுரங்கம் இலாபம் தருகிறது.

முதல் தேடல்

1996இல் அமெரிக்காவின் மாக்மா காப்பர் நிறுவனத்திலிருந்து வந்த புவியியலாளர் குழு இவ்விடத்தை அடையாளம் கண்டது. அந்நிறுவனத்தை ஆஸ்திரேலியாவின் பி.எச்.பி. வாங்கிவிட்டதால் பணி பி.எச்.பி.யின் பெயரில் தொடர்ந்தது. நிலப்படம் வரைதல், மண் மாதிரி எடுத்தல், காந்த அளவாய்வு, மின் அளவாய்வு ஆகியவற்றிற்குப் பின் 1997இல் 6 துளைகளும் 1998இல் 17 துளைகளும் இடப்பட்டன. அவற்றின் மொத்த நீளம் சுமார் 3,900 மீட்டர். அதாவது ஒரு துளையின் சராசரி நீளம் 170 மீட்டர்.

இந்தச் சராசரி கவனிக்கத்தக்கது. மேற்பரப்புக்கு அருகில் சால்கோசைட்டு செறிந்த ஒரு படலம் துளைகளில் தென்பட்டது. மழைநீர் மேற்பாறையிலிருந்து செப்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோய் நிலத்தடி நீர்மட்டத்தை ஒட்டி மீண்டும் படியவைப்பதால் இத்தகைய படலம் உருவாகிறது. ஆனால் பெருநிறுவனம் ஒன்று தனியே சுரங்கம் திறக்கும் அளவுக்கு அது போதவில்லை. 1990களின் இறுதியில் செப்பு விலையும் வீழ்ந்து, ஒரு பவுண்டு ஒரு அமெரிக்க டாலருக்கும் கீழே விற்றது. ஆய்வுச் செலவைக் குறைத்த பி.எச்.பி., 1999இல் கூட்டாளியைத் தேடியது. அன்று கையிலிருந்த தரவைப் பார்த்தால் அது தவறான முடிவு என்று சொல்லிவிட முடியாது. பின்னர் கிடைத்த செறிந்த தாது அந்தத் துளைகள் எட்டாத ஆழத்தில் இருந்தது.

ஐவன்ஹோவின் வருகை

இராபர்ட் பிரீட்லாண்டு தலைமையிலான கனடிய நிறுவனமான ஐவன்ஹோ மைன்ஸ் 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் உடன்படிக்கை செய்துகொண்டது. அது முதலில் தேடியதும் மேலோட்டமான சால்கோசைட்டுப் படலத்தைத்தான். அதற்கு எதிர்ச்சுழற்சித் துளையிடல் என்னும் மலிவான முறை கையாளப்பட்டது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியைப் போலவே இதிலும் அழுத்தக் காற்றால் இயங்கும் சுத்தியல் பாறையை நொறுக்கும். வேறுபாடு குழாயில் உள்ளது. இரட்டைச் சுவர்க் குழாயின் வெளி இடைவெளி வழியே காற்று இறங்கும். பாறைத்தூள் உட்குழாய் வழியே மேலேறும். இதனால் துளைச் சுவரிலிருந்து உதிரும் மண் மாதிரியோடு கலப்பது குறைகிறது. 109 துளைகள், மொத்தம் 8,828 மீட்டர் தோண்டப்பட்டன. இவற்றின் சராசரி ஆழம் பி.எச்.பி.யின் துளைகளைவிடவும் குறைவு, 81 மீட்டர்தான்.

2001இல் ஆழமாகப் பார்க்கும் முடிவு எடுக்கப்பட்டு வைரத் துளையிடல் தொடங்கியது. தொழிலக வைரத் துகள்கள் பதித்த வளைய வடிவ முனை பாறையைச் சுற்றி அறுத்துக்கொண்டே இறங்க, நடுவில் அறுபடாத பாறை உருளை குழாய்க்குள் நின்றுவிடும். இதைக் களத்தில் கோர் என்பர். குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றாமல், உள்ளே இருக்கும் சிறுகுழாயை மட்டும் கம்பிவடத்தால் இழுத்து உருளையை மேலே கொண்டுவரலாம். தூளில் தெரியாத நரம்புகளின் போக்கு, பாறைகள் ஒன்றையொன்று வெட்டும் வரிசை ஆகியவை உருளையில் கண்ணுக்குத் தெரியும். செலவு பலமடங்கு என்றாலும் ஆழத்தேடலுக்கு வேறு வழியில்லை.

தென்மேற்குப் பகுதியில் இடப்பட்ட ஓ.டி.டி. 150 என்னும் துளையில், 70 மீட்டர் ஆழத்திலிருந்து தொடர்ச்சியாக 508 மீட்டர் நீளத்துக்குத் தாது கிடைத்தது. சராசரித் தரம் 0.81 விழுக்காடு செப்பு, டன்னுக்கு 1.17 கிராம் பொன். ஒரு டன் பாறையில் 8 கிலோகிராம் செப்பு என்பது இதன் பொருள். தரத்தைவிட அதன் தொடர்ச்சியே பெரிய செய்தி. இது நீரால் மீண்டும் படிந்த மேற்படலம் அன்று, மூலத்தாதுவே.

மின்னோட்டம் காட்டிய படம்

அடுத்த கேள்வி, தாது எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பது. இதற்குத் தூண்டிய முனைவாக்க முறை பயன்பட்டது. களப்பணியாளர் இதைச் சுருக்கமாக ஐ.பி. என்பர். 1940களின் இறுதியில் நியூமான்ட் நிறுவனம் போர்பிரித் தேடலுக்கென இம்முறையை வளர்த்தெடுத்தது.

இரண்டு மின்வாய்களை நிலத்தில் பதித்து மின்னோட்டம் செலுத்தப்படும். மின்னோட்டத்தை நிறுத்தியவுடன் சாதாரணப் பாறையில் மின்னழுத்தம் உடனே மறையும். சல்பைடுத் துகள்கள் பரவிய பாறையிலோ, துகள்களின் மேற்பரப்பில் சேர்ந்த மின்னூட்டம் கலைய நேரம் எடுப்பதால், மின்னழுத்தம் சற்றுத் தயங்கித் தேயும். சிறு மின்கலம்போல் பாறை நடந்துகொள்கிறது எனலாம். அந்தத் தயக்கத்தின் அளவே மின்னேற்புத்திறன். போர்பிரிப் படிவுகளில் தாதுத்துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் சிதறிக் கிடப்பதால் வெறும் மின்தடை அளவீட்டில் அவை தெளிவாகத் தெரிவதில்லை. ஐ.பி. அங்குதான் உதவுகிறது.

ஆனால் இம்முறைக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. செப்பு இல்லாத பைரைட்டும் இதே சைகையைத் தரும். போர்பிரிப் படிவுகளைச் சுற்றி பைரைட்டு வளையம் அமைவது வழக்கமாதலால், மிக வலுவான சைகை இருக்கும் இடத்தில் துளையிட்டால் பயனற்ற பைரைட்டு மட்டும் கிடைக்கக்கூடும். ஆகவே காந்த அளவாய்வும் நிலப்படமும் சேர்த்தே படிக்கப்படுகின்றன. ஓயு தொல்கோயின் தென்மேற்குப் படிவில் தாதுவோடு மேக்னடைட்டும் இருப்பதால் அங்கு காந்தப்புலம் உயர்ந்து காணப்பட்டது.

முதலில் ஐ.பி. அளவுக்கோடுகள் வடக்கு தெற்காக இடப்பட்டன. பின்னர் அதே நிலத்தில் கோடுகள் கிழக்கு மேற்காக மாற்றி இடப்பட்டபோது முற்றிலும் வேறான படம் கிடைத்தது. காரணம் எளிது. இங்குள்ள தாது உடல்கள் வடக்கு வடகிழக்கு நோக்கி நீண்டு கிடக்கின்றன. நீளவாக்கில் நடந்து அளந்தால் கருவி முழுநேரமும் தாதுவின் மேலேயோ, முழுநேரமும் அதற்கு வெளியேயோ இருக்கும். ஏற்றமும் இறக்கமும் தெரியாது. குறுக்கே நடந்தால் விளிம்புகள் தெரியும். சிதறிய புள்ளிகளாகத் தோன்றியவை இப்போது தென்மேற்கிலிருந்து வடக்கு நோக்கி 5 கிலோமீட்டர் தொடரும் ஒரே பட்டையாகத் தெரிந்தன.

ஆழமும் கணக்கில் வந்தது. மின்வாய்களுக்கு இடையிலான தொலைவு கூடக்கூட மின்னோட்டம் ஆழமாகப் பாயும். இங்கு அத்தொலைவு 1,000 மீட்டரிலிருந்து 11,000 மீட்டர் வரை படிப்படியாக மாற்றப்பட்டது. தொலைவு குறைவாக இருக்கும்போது மங்கியிருந்த ஒரு சைகை, தொலைவு கூடும்போது வலுத்தால், அதன் மூலம் ஆழத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

270ஆம் துளை

2002இன் பிற்பகுதியில் அந்தப் பட்டையின் வடபகுதியில் ஓ.டி.டி. 270 இடப்பட்டது. 222 மீட்டர் ஆழத்தில் தாது தொடங்கியது. அங்கிருந்து 638 மீட்டர் நீளத்துக்கு 1.61 விழுக்காடு செப்பு இருந்தது. போர்னைட்டும் சால்கோபைரைட்டும் செறிந்த இந்தப் பாறை, 150ஆம் துளையில் கிடைத்ததைப்போல் இருமடங்கு செப்பைக் கொண்டிருந்தது. மேற்பரப்பில் இதற்கான தடயம் எதுவும் இல்லை. முதல் தேடலில் இடப்பட்ட துளைகளின் சராசரி நீளம் 170 மீட்டர் என்பதை இந்த 222 மீட்டருடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இப்படிவுக்கு, 2002இல் காலமான புவியியலாளர் ஹியூகோ டம்மெட்டின் பெயர் சூட்டப்பட்டது. கனடாவின் எக்காட்டி வைரக் கண்டுபிடிப்பில் பங்காற்றிய அவர் முன்பு பி.எச்.பி.யின் ஆய்வுப் பிரிவில் இருந்தவர். பி.எச்.பி. தன்னிடம் எஞ்சியிருந்த 2 விழுக்காடு உரிமத்தொகைப் பங்கையும் 2003இல் 3.7 கோடி அமெரிக்க டாலருக்கு ஐவன்ஹோவிடம் விற்றுவிட்டது. பட்டையின் தென்கோடியில், எண்ட்ரே கோல்டு நிறுவனத்துடனான கூட்டு நிலத்தில், ஐ.பி. சைகையைத் தொடர்ந்து சென்ற துளைகள் 2007இல் ஹெருகா என்னும் மற்றொரு ஆழ்படிவைக் கண்டன.

துளையிலிருந்து கணக்கு

508 மீட்டர், 638 மீட்டர் என்னும் எண்கள் துளை வழியே அளந்த நீளங்கள். படிவின் உண்மைத் தடிமன் அதுவன்று. செங்குத்தாகச் சாய்ந்த தாது உடலின் சரிவை ஒட்டியே துளை இறங்கினால், மெல்லிய உடல்கூட மிக நீளமாகத் தோன்றும். நிறுவன அறிக்கைகளைப் படிப்போர் அடிக்கடி ஏமாறும் இடம் இது. எனவே பல திசைகளிலிருந்து சாய்வான துளைகள் இடப்படுகின்றன. ஆழத்தில் துளை தன் போக்கிலிருந்து விலகுவதால் அதன் திசையும் சாய்வும் இடையிடையே அளக்கப்படுகின்றன. ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட துளையை ஒவ்வொரு முறையும் மேலிருந்து தொடங்குவதற்குப் பதிலாக, ஒரு தாய்த்துளையின் நடுவிலிருந்து ஆப்புக் கருவியால் கிளைத்துளைகள் பிரிக்கப்படுவதும் உண்டு. ஹியூகோ டம்மெட்டில் இம்முறை பயன்பட்டது.

வெளியே வந்த உருளை, வைர அரத்தால் நீளவாக்கில் இரண்டாக அறுக்கப்படும். ஒரு பாதி ஆய்வகத்துக்குச் செல்லும். மறுபாதி பெட்டியில் வரிசை மாறாமல் காக்கப்படும். மாதிரிகளுக்கிடையே தரம் முன்பே தெரிந்த பொடிகளும் செப்பே இல்லாத பாறைத்தூளும் ஆய்வகத்துக்குத் தெரியாமல் செருகப்படும். இந்தக் கண்டிப்புக்கு வரலாறு உண்டு. இந்தோனேசியாவின் பூசாங்கில் கனடிய நிறுவனமான ப்ரே-எக்ஸ் கண்டதாகச் சொன்ன பொன், மாதிரிகளில் வெளியிலிருந்து கலக்கப்பட்டது என்று 1997இல் அம்பலமானது. அங்கு உருளைகள் பாதி வைக்கப்படாமல் முழுவதுமாக நொறுக்கப்பட்டிருந்ததால் சரிபார்க்க மூலமே இல்லை. அதன்பின் கனடா வகுத்த தேசிய ஆவணம் 43-101 என்னும் விதிமுறை, ஓ.டி.டி. 150 தோண்டப்பட்ட அதே 2001இல் நடைமுறைக்கு வந்தது.

துளைகளுக்கிடையே இடைவெளி குறையக் குறைய வளம் ஊகித்தது, சுட்டப்பட்டது, அளக்கப்பட்டது என்று நம்பகம் ஏறும். கண்டுபிடித்த பின்னும் ஆண்டுக்கணக்கில் துளையிடல் தொடர்வது இதற்காகவே. திறந்தவெளிச் சுரங்கம் 2013இல் செப்புச்செறிவை ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. ஹியூகோ டம்மெட்டின் வடபகுதியில் நிலத்தடி உற்பத்தி தொடங்கியது 2023 மார்ச்சில்தான். 270ஆம் துளைக்கும் அதற்கும் இடையே இருபது ஆண்டுகள். இன்று சுரங்கத்தில் ரியோ டிண்டோவுக்கு 66 விழுக்காடும் மங்கோலிய அரசுக்கு 34 விழுக்காடும் பங்கு உண்டு.

நீரும் மேய்ப்பர்களும்

கோபியில் துளையிடுதல் நீரைத் தொடாமல் நடப்பதில்லை. வைர முனையைக் குளிர்விக்கவும் பாறைத்தூளை வெளியேற்றவும் நீர் தேவை. துளையே நிலத்தடி நீர்ப்படுகைகளை ஊடுருவிச் செல்கிறது. கைவிட்ட துளையைச் சிமெண்டால் அடைக்காவிட்டால், மேல்படுகையில் இருக்கும் நீர் அதன் வழியே கீழ்ப்படுகைக்கு இறங்கிவிடலாம். ஆடு, ஒட்டகம், குதிரை வளர்க்கும் நாடோடி மேய்ப்பர்கள் கைக்கிணறுகளில் இறைப்பது அந்த மேல்படுகை நீரைத்தான். சுரங்கத்துக்கான நீர், கூனி ஹோலோய் என்னும் ஆழ்படுகையிலிருந்து குழாய்வழி வருகிறது. ஆழ்படுகைக்கும் கைக்கிணறுகளுக்கும் தொடர்பு இல்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. அந்த உறுதி, இடையிலுள்ள களிமண் அடுக்கைத் துளைத்த ஒவ்வொரு துளையும் சரியாக அடைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பொறுத்தது.

மேய்ச்சல் நில இழப்பு, உந்தாய் ஓடையின் திசைமாற்றம் ஆகியவை குறித்துக் கான்போக்து மேய்ப்பர்கள் 2012இலும் 2013இலும் உலக வங்கிக் குழுமத்தின் முறையீட்டு அலுவலகத்தில் புகார் அளித்தனர். மேய்ப்பர்கள், உள்ளூர் ஆட்சி, நிறுவனம் ஆகிய மூன்று தரப்பும் அமர்ந்த பேச்சுவார்த்தை 2017இல் உடன்படிக்கைகளில் முடிந்தது. அவற்றை நடைமுறைப்படுத்துவதைக் கண்காணிக்கும் பணியும் அதே முத்தரப்பு அவையிடம் விடப்பட்டது.