மேல்மடையில் கேட்க ஆளில்லை

அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவே, தென்பெண்ணையின் குறுக்கே சுமார் 16 கோடி ரூபாயில் ஒரு பாலம் கட்டினார்கள். 2024 செப்டம்பரில் திறந்தார்கள். டிசம்பர் 2-ஆம் தேதி ஆற்றோடு போய்விட்டது. நொடிக்கு 54,000 கனஅடி தண்ணீருக்குக் கணக்குப் போட்டுக் கட்டிய பாலம் என்று விளக்கம் வந்தது. அன்று அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்டதோ 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி. பாலம் கட்டியவர்களைத் திட்டித் தீர்த்தோம். அந்த 54,000 எந்தக் காலத்து மழையை வைத்துப் போட்ட கணக்கு என்று கேட்டவர்கள் குறைவு.

ஃபெஞ்சல் புயலை எல்லோரும் கடற்கரையில்தான் எதிர்பார்த்திருந்தோம். நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகர மனமில்லாமல் அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக உள்ளே வந்தது. மறுநாள் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண்ணும் பாறையுமாக ஒரு வீட்டின் மேல் இறங்கி ஏழு உயிர்களைக் கொண்டுபோனது. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. அந்தப் பக்கத்துத் தண்ணீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்கு வந்து, சாத்தனூரை நிரப்பி, அரசூர் அருகே சென்னை–திருச்சி சாலையை மூழ்கடித்து, கடைசியில் கடலூரில் வீடுகளுக்குள் புகுந்தது.

கடலூருக்கு இதெல்லாம் புதிதல்ல. 2004-இல் சுனாமி, 2011-இல் தானே புயல், 2015-இல் பெருமழை. 2021-இல் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. மாமன்றத்தில் வடிகால், மோட்டார், நிவாரண முகாம் என்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்; பேசத்தான் வேண்டும். சென்னையிலும் 2021 வெள்ளத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு போட்டு, அறிக்கை வாங்கி, ஆயிரக்கணக்கான கோடிகளில் மழைநீர் வடிகால் கட்டினார்கள். ஆனால் ஊத்தங்கரையில் பெய்யும் மழையைப் பற்றிக் கடலூர் கவுன்சிலர் யாரிடம் போய்க் கேட்பார்?

இதே கேள்வி திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூரிலும் உண்டு, கொஞ்சம் சிறிய அளவில். புதுச்சேரிக் கடற்கரைக்கும் இந்த ஊருக்கும் நூறு கிலோமீட்டர் இருக்காது. பேரூராட்சி மன்றம் கூடினால் சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர், குப்பை வண்டி. தீர்மானங்கள் பெரும்பாலும் இவற்றுக்குள்ளேயே முடிந்துவிடும். தண்ணீர் மட்டும் அந்த எல்லைக்குள் நிற்பதில்லை. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் அது பொதுப்பணித்துறை ஏரி. இன்று பெயர் நீர்வளத்துறை. அதற்குக் குறைந்தால் யூனியன் ஏரி. சாலையோரச் சிறுபாலம் நெடுஞ்சாலைத்துறையுடையது. வரத்துக்கால்வாயை யாராவது வளைத்துப் போட்டிருந்தால் தாசில்தார் வர வேண்டும். ஏரி கோடி போனால் தண்ணீர் வந்து நிற்பதென்னவோ பேரூராட்சித் தெருவில்தான். ஜனங்கள் திட்டுவதும் வார்டு கவுன்சிலரைத்தான்.

இந்த வட்டாரத்து நீர் எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு நந்தன் கால்வாய் போதும். துரிஞ்சலாற்றின் கீரனூர் அணைக்கட்டில் புறப்பட்டு, வழியில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளுக்கு ஊட்டி, விழுப்புரம் மாவட்டத்துப் பனமலை ஏரியில் போய்ச் சேர வேண்டிய கால்வாய் அது. மேலே ஒரு மதகில் செய்வது கீழே இன்னொரு மாவட்டத்தில் தெரியும். ஆனால் இரண்டு மாவட்ட உள்ளாட்சிக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வழியே வைக்கவில்லை.

நிவாரணமும் இப்படித்தான். ஃபெஞ்சலுக்குப் பிறகு குடும்பத்துக்கு 2,000 ரூபாய் என்ற முதல் அறிவிப்பில் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மூன்றும் இருந்தன. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000. ஏக்கருக்கு ஏழாயிரம்கூட இல்லை. உடனடியாக 2,000 கோடி வேண்டும் என்று மாநில அரசு கேட்டது; ஒன்றிய அரசு 944.80 கோடியை விடுவித்தது. அதுவும் பேரிடர் நிதியில் வழக்கமாக வர வேண்டிய பங்குதான். யார் வயல் மூழ்கியது என்ற பட்டியல் விஏஓ கையில். ஊரால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்கு இதில் எங்கும் கையெழுத்து இல்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றால் பள்ளிப் பாடத்தில் குடவோலையோடு நிறுத்திவிடுகிறோம். பத்தாம் நூற்றாண்டில் அந்த ஓலை எடுத்தது எதற்கு? ஏரி வாரியத்துக்கும்தான் ஆள் தேர்ந்தெடுத்தார்கள். நெதர்லாந்தில் இன்றும் 21 நீர் வாரியங்கள் இருக்கின்றன. தேர்தல் உண்டு, சொந்த வரி உண்டு. நகராட்சி எல்லையைப் பார்த்து அல்ல, தண்ணீர் ஓடும் வழியைப் பார்த்தே பெரும்பாலும் அவற்றின் எல்லை. நாம் அவ்வளவு தூரம் போக நாளாகும்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது சிறியது. பேரூராட்சித் தலைவர், யூனியன் பொறியாளர், நீர்வளத்துறை உதவிப் பொறியாளர், சர்வேயர் நான்கு பேரும் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஏரியின் கலங்கலிலிருந்து அடுத்த ஏரி வரை போக்குக்கால்வாயில் நடந்து பார்க்கலாம். அடைத்திருக்கும் இடங்களை எழுதித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றலாம். ஒரு நகல் கீழே இருக்கும் ஊருக்கு. இந்த நால்வரையும் ஒன்றாக அழைக்கும் அதிகாரம் பேரூராட்சித் தலைவருக்கு இல்லை, ஆட்சியருக்கு உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆகஸ்டில் கூப்பிட்டால்தான் தூர்வார நேரம் இருக்கும்.