ஒரே பனியன், இரண்டு பிரிவுகள்

திருப்பூர் காதர்பேட்டைக்கு எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் வாங்க வரும் வெளிநாட்டு வியாபாரிகளில் நைஜீரியர்களும் உண்டு. பேரம் பேசி, பண்டல் கட்டி, லாரி புக்கிங் ஆபீசுக்கு அனுப்பிவிட்டுத்தான் கிளம்புவார்கள். அப்படி வந்த ஒருவர் 600 ரூபாய் பெறுமான இரண்டு பனியன்களைப் பைக்குள் சொருகியது சிசிடிவியில் பதிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு முன் அவர்மேல் வழக்கு எதுவும் இல்லை. அடுத்து என்ன நடக்கும்?

எந்தப் பிரிவு போடுகிறார்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 303(2) சாதாரணத் திருட்டு. மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் முறை தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் விலையையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை மட்டுமே. இதற்கு வாரண்ட் இல்லாமல் கைது கூடாது. ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். கடைக்காரர் சமாதானமாகப் போகவும் வழியிருக்கிறது.

அதே பனியனுக்கு 305 போட்டால் நிலைமை தலைகீழ். வீட்டிலோ, பொருள் வைத்துப் பாதுகாக்கும் கட்டடத்திலோ நடக்கும் திருட்டுக்கான பிரிவு அது. ஏழு ஆண்டு வரை சிறை, ஜாமீன் நீதிமன்றத்தின் விருப்பம், 5,000 ரூபாய்ச் சலுகை இல்லை. கடைக்காரர் மனமிரங்கி 'போகட்டும் விடுங்க' என்றாலும் வழக்கு தொடரும். கடையும் சரக்கு வைக்கும் கட்டடம்தானே என்று போலீஸ் சொல்லலாம். வக்கீல் முதலில் மல்லுக்கட்ட வேண்டிய இடம் இதுதான். (பழைய சட்டத்தில் இது 380. சிங்கப்பூரில் கடைத் திருட்டுக்கு இன்றும் அதே எண், அதே ஏழு ஆண்டு. டூர் போகிறவர்கள் கவனிக்க.)

கைதானால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்கும் உரிமையை 1963 வியன்னா ஒப்பந்தம் தருகிறது. காவலில் இருப்பவர் எந்த நாட்டவரானாலும், வருமானம் எவ்வளவானாலும், இலவச வக்கீல் கேட்கலாம்; சட்ட உதவி எண் 15100. தமிழில் எழுதிய வாக்குமூலத்தில் படித்துப் புரியாமல் கையெழுத்துப் போடாமல் இருப்பது நல்லது.

என் கணக்கில், வெளிநாட்டவரை வாட்டுவது தண்டனையைவிடக் காத்திருப்புதான். ஜாமீன் கிடைத்தாலும் உள்ளூரில் ஜாமீன்தாரர் வேண்டும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொல்வார்கள். அதற்குள் விசா முடிந்துவிடும். நாட்டைவிட்டுப் போகமாட்டார் என்று தூதரகச் சான்று கேட்கும் நிபந்தனையை 2024 ஜூலையில் ஒரு நைஜீரியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆனால் வெளிநாட்டவருக்கு ஜாமீன் கொடுத்தால் வெளிநாட்டவர் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே வழக்கில் சேர்த்துச் சொன்னது. தமிழ்நாட்டில் வழக்கு நிலுவையிலுள்ள வெளிநாட்டவரைத் திருச்சி மத்திய சிறை வளாகச் சிறப்பு முகாமில் வைப்பதும் உண்டு. ஜாமீன் பெற்றவர்களும் அங்கே இருந்திருக்கிறார்கள்.

குற்றம் நிரூபணமானாலும், 1958-ன் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி முதல் முறை திருடியவரை எச்சரித்து அனுப்ப நீதிமன்றத்தால் முடியும். நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்குவதாக இருந்தால் அவருக்கோ ஜாமீன்தாரருக்கோ நிலையான முகவரி அல்லது நிரந்தரத் தொழில் வேண்டும். லாட்ஜ் ரூமை வைத்து இதைச் சமாளிப்பது கஷ்டம்.

அடுத்த சீசனுக்குச் சரக்கெடுக்க அவர் மறுபடி இந்திய விசாவுக்கு விண்ணப்பித்தால், எந்த நாட்டிலாவது கைதானதுண்டா, வழக்கு நடந்ததுண்டா, தண்டனை பெற்றதுண்டா என்று படிவம் கேட்கும். விடுதலையானவரும் 'ஆம்' போட்டு விவரம் எழுதியாக வேண்டும்.