மீன் கெட்டதைச் சங்குப்பூ சொல்லும்!



ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணியில் துளி சுண்ணாம்பு போட்டதும் குங்குமமாய்ச் சிவந்துடுதே, ஏன்னு யோசிச்சிருக்கீங்களா? சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது. (மிளகாய்க் காரம் இல்லை, சோப்பு, சோடா உப்பு போன்றவற்றின் குணம்.) மஞ்சளின் நிறப்பொருள் இந்தக் காரம் பட்டால் சிவக்கும்.

வேலியோரம் படரும் நீலச் சங்குப்பூ இதைவிடக் கெட்டிக்காரி! அதில் ஆந்தோசயனின் என்ற நிறப்பொருள் உள்ளது. புளிப்பு பட்டால் ஊதாவாகும். காரம் பட்டால் பச்சையாகும்.

மீனுக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம்?

மீன் கெடும்போது கிருமிகள் பெருகி, அம்மோனியா, டிரைமெத்திலமின் போன்ற வாயுக்கள் வெளிவரும். கெட்ட வாடைக்கு இவையும் காரணம். இவை காரத்தன்மை உள்ளவை. எனவே பூச்சாற்றில் நனைத்த நீலத்தாள் பச்சைப் பக்கம் திரும்பும். இந்தக் குணத்தை வைத்தே, உணவு கெட்டதைக் காட்டும் பொட்டலத் தாள்களை விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள்.

செய்து பார்ப்போமா?

1. 10 பூக்களின் இதழ்களை அரை டம்ளர் சுடுதண்ணியில் 15 நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்கள்.

2. மை ஒற்றும் வெள்ளைத் தாளை அதில் நனைத்து, நிழலில் காயவைத்துத் துண்டு போடுங்கள். வெளிச்சம் படாமல் வையுங்கள். பட்டால் நிறம் மங்கும்.

3. டப்பாவில் ஒரு மீன் துண்டை வைத்து, லேசாக ஈரப்படுத்திய தாளை மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். மீனில் படக்கூடாது. மீன் இல்லாத டப்பா ஒன்றிலும் இதேபோல் ஒட்டினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சோதனைக்கு வைத்த மீனைச் சமைக்காதீர்கள்.

தாள் நீலமாகவே இருந்தால்?

'அப்போ மீன் நல்லாத்தான் இருக்கு'ன்னு நம்பிடக் கூடாது! சூரை, அயிலை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகலாம். அது ஆவியாகாது, தாளும் காட்டாது. வாடையும் வராமலிருக்கலாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு, வாந்தி வரும்.

குழுவில் கடன் வாங்கி மீன் வியாபாரம் செய்யும் சகோதரிக்கு, மத்தியானம் மிஞ்சின கூடையைக் கொட்ட மனசு வராதுதான். ஆனால் அந்த ஒரு கூடையால் வாடிக்கையாளர் ஒருவர் படுத்துவிட்டால், அவர் மட்டுமல்ல, அந்தத் தெருவே நம்மிடம் வாங்காது. தவணையை அப்புறம் எப்படிக் கட்டுவது?

எனவே மீன் வாங்கியவுடனே கிலோவுக்கு ஒரு கிலோ உடைத்த ஐஸ் போடுங்கள். செவுள் சிவப்பா, கண் தெளிவா, சதை அழுத்தினால் மேலெழும்புதா என்று பாருங்கள். தாள் பச்சையானால் யோசிக்காமல் ஒதுக்குங்கள். ஐஸ்தான் முதல் காவல். பூத்தாள் அதற்குத் துணை.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆளுக்கு நாலு பூ கொண்டு வாங்க, சேர்ந்தே செய்து பார்ப்போம்!