ஐந்து கிலோவாட்டுக்குள் ஒரு தீவு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் எக் என்றொரு சிறிய தீவு இருக்கிறது. ஏறத்தாழ நூறு பேர் வாழும் ஊர். நாட்டின் பெரிய மின்கட்டமைப்பிலிருந்து இங்கே கம்பி வரவில்லை. நெடுங்காலம் டீசல் ஜெனரேட்டர்களை நம்பியே வீடுகளில் விளக்கு எரிந்தது. 1997-இல் அறக்கட்டளை அமைத்துத் தீவையே விலைக்கு வாங்கிய மக்கள், 2008 பிப்ரவரியில் தங்களுக்கென்று ஒரு மைக்ரோகிரிட்டை, அதாவது தனித்து இயங்கும் சிறு மின்கட்டமைப்பை, ஓட்டத் தொடங்கினார்கள்.

ஓடைநீர், காற்று, வெயில் மூன்றையும் கலந்தே இங்கு மின்சாரம் எடுக்கிறார்கள். நீர்மின் நிலையங்களில் பெரியது 100 கிலோவாட். காற்றாலைகள் நான்கு, தலா 6 கிலோவாட். குளிர்காலத்தில் மழையும் காற்றும் வெளுத்து வாங்கும், வெயில் எட்டிப் பார்க்காது. கோடையில் ஓடை மெலிந்துவிடும், ஆனால் பகல் நீண்டிருக்கும். ஒன்று கைவிட்டால் இன்னொன்று தாங்கும். எல்லாம் ஒருசேரக் கைவிடும் நாளுக்காக டீசல் காத்திருக்கிறது. ஆண்டுத் தேவையில் பத்தில் ஒரு பங்கு போல அது தருகிறது.

என்னை மிகவும் வியக்க வைத்தவை பேட்டரிகளோடு இணைந்த இன்வெர்ட்டர்கள். மின்னோட்டம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் சென்றுவரும் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொடுப்பவை இவையே. பேட்டரி நிரம்பிவிட்டால் தாளத்தைக் கொஞ்சம் விரைவாக்கும். எட்ட நிற்கும் காற்றாலைக்கும் சூரியத் தகடுக்கும் அதுவே செய்தி: "போதும், குறைத்துக்கொள்." தனியாகத் தகவல் கம்பி வேண்டாம், மின்சாரமே தூது போகிறது. மிஞ்சும் மின்சாரம் ஊர்ப் பொதுக்கூடத்தைச் சூடாக்கப் போகிறது.

எத்தனை இயந்திரம் இருந்தாலும், ஊரார் ஒத்துக்கொண்ட ஒரு விதி இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு நிற்காது. ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. கடைக்கும் தொழிலுக்கும் 10. மீறினால் அந்த வீட்டு இணைப்பு மட்டும் துண்டிக்கப்படும். அதனால் துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரைச் சூடாக்கும்போது கெட்டிலைப் போடலாமா என்று வீட்டிலுள்ள மின் அளவு காட்டியைப் பார்த்துவிட்டே பொத்தானைத் தொடுகிறார்கள். ஏழை, வசதியானவர் என்ற பேதமில்லாத இந்த வரம்புதான் சிறிய நிலையத்தைக் கொண்டே முழு ஊருக்கும் இருபத்துநான்கு மணி நேரமும் மின்சாரம் கொடுக்க வழி செய்தது. திட்டம் போடுகிறவர்கள் தகடு எத்தனை என்று கேட்கும் முன், ஊரார் ஒத்துக்கொள்ளும் வரம்பு எவ்வளவு என்பதைத்தான் கேட்க வேண்டும் என்பேன்.

நீங்களும் உங்கள் கூரையில் சோலார் வைக்க எண்ணுகிறீர்களா? கீசர், ஏசி, கிரைண்டர், மோட்டார் எல்லாவற்றின் வாட்டையும் ஒரு தாளில் எழுதி, சேர்ந்து ஓடக்கூடியவற்றைக் கூட்டுங்கள். உங்கள் வீடு ஒரே நேரத்தில் எவ்வளவு கேட்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.