போத்தனூர்ப் பெண்ணின் மகன்

நான் போத்தனூர்க்காரன். அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து, கணக்கு ஆசிரியராகி, ஓர் உறைவிடப் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகள் விடுதிக் காப்பாளராகவும் இருந்தேன். கணினியின் தந்தை என்று பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஆலன் டூரிங்கின் அம்மா எங்கள் ஊரில் பிறந்தவர் என்பது ஓய்வு பெற்ற பிறகே எனக்குத் தெரிந்தது.

எத்தல் சாரா ஸ்டோனி 1881-ல் போத்தனூரில் பிறந்தார். அவருடைய அப்பா மதராஸ் ரயில்வேயில் பொறியாளர். எத்தல் மணந்த ஜூலியஸ் டூரிங், ஐ.சி.எஸ். தேர்வுக்காகத் தமிழ் படித்து மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்தவர். அந்தக் கால வெள்ளைக்கார அதிகாரிகள் பிள்ளைகளை இங்கே வளர்ப்பதில்லை. எத்தலையே சிறு வயதில் அயர்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவரும் 1912-ல் லண்டனில் பிறந்த தன் மகன் ஆலனைப் பதினைந்தாவது மாதத்தில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலேறினார். இப்படி வளரும் பிள்ளைகளுக்குக் கடைசியில் போர்டிங் ஸ்கூல்தான் வீடு.

அந்தப் பள்ளிகளை இங்கிலாந்தில் பப்ளிக் ஸ்கூல் என்பார்கள். பெயர்தான் அப்படி, பெருங்கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கே அங்கே இடம். அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ். பிறகு நாடாளுமன்றம், ராணுவம், ஐ.சி.எஸ். நம் மாவட்டங்களுக்குக் கலெக்டராக வந்த துரைகளில் பலர் அந்த வழியில் வந்தவர்கள். பள்ளி பல ‘ஹவுஸ்’களாகப் பிரிந்திருக்கும். அந்தக் காலத்தில் சின்னப் பையன்கள் பெரிய பையன்களுக்கு எடுபிடி வேலை செய்ய வேண்டியிருந்தது. மாணவத் தலைவர்கள் கையில் பிரம்பு இருந்தது. முதலில் அடங்கப் பழகி, பிறகு அடக்கப் பழகுவதுதான் அன்று அங்கே முதல் பாடம்.

ஆலன் 1926 மே மாதம் ஷெர்போர்ன் பள்ளியில் சேர்ந்தான். அன்று பொது வேலைநிறுத்தம், ரயில் ஓடவில்லை. பிரான்சில் இருந்த பெற்றோரிடமிருந்து தனியாகக் கிளம்பி சவுத்தாம்ப்டனில் கப்பல் இறங்கிய பதின்மூன்று வயதுப் பையன், அறுபது மைலுக்கு மேல் சைக்கிள் மிதித்து, வழியில் ஓர் இரவு தங்கிப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான்.

அங்கே லத்தீனுக்கும் விளையாட்டுக்கும் இருந்த மதிப்பு அறிவியலுக்கு இல்லை. அறிவியல் நிபுணனாக மட்டும் ஆவதென்றால் இந்தப் பள்ளியில் அவன் காலம் வீண் என்று தலைமை ஆசிரியரே பெற்றோருக்கு எழுதினார்.

இன்னொரு தப்பெண்ணம் அதைவிட ஆழமானது. வேறு ஹவுஸ் பையனோடோ மூத்த வகுப்புப் பையனோடோ நெருங்கிப் பழகினால் சந்தேகக் கண்கள் விழும். ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான உறவை 1885-ன் சட்டம் குற்றமாக்கியிருந்தது. பையன்களை மட்டும் ஒரே கூரையின் கீழ் ஆண்டுக்கணக்கில் அடைத்துவைத்த பள்ளிகள், அவர்களுக்குள் அன்பு முளைப்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இதே ஷெர்போர்னில் படித்த அலெக் வா, 1917-ல் தான் எழுதிய நாவலில் அதைக் கோடிட்டுக் காட்டினார். பழைய மாணவர் சங்கம் அவர் பெயரை நீக்கியது. அவர் தம்பி, பிற்பாடு பெரிய நாவலாசிரியரான ஈவ்லின் வா, அங்கே சேர முடியாமல் வேறு பள்ளிக்குப் போக வேண்டியதாயிற்று.

அந்தப் பள்ளியில்தான் ஆலன், கிறிஸ்டோபர் மோர்காமைப் பார்த்தான். ஒரு வயது மூத்தவன், வேறு ஹவுஸ். அவன் இருப்பான் என்பதற்காகவே புதன்கிழமைகளில் நூலகத்துக்குப் போனான். வேதியியல், நட்சத்திரங்கள் என்று பேச்சு வளர்ந்தது. விடுமுறையில் கடிதங்களாகத் தொடர்ந்தது. கோழிக்கிறுக்கல் கையெழுத்தோடு மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படாதிருந்தவன், கிறிஸ்டோபருக்கு ஈடாக வேண்டும் என்று ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினான். அது ஆலனின் மனதில் காதல், கிறிஸ்டோபருக்கு நட்பு. ஆண் பெண்ணிடையே இப்படி வரும் ஒருதலைக் காதலைக் கைக்கிளை என்று பெயரிட்டு நம் இலக்கணம் இடம் கொடுத்தது. ஆலனின் அன்புக்கு அவன் மொழியில் குற்றப் பெயர்கள்தான் இருந்தன.

1930 பிப்ரவரி 13-ல் கிறிஸ்டோபர் இறந்துபோனான். சின்ன வயதில் குடித்த பாலின் வழியே தொற்றிய காசநோய். அவன் உயிரோடிருந்தால் எப்படி உழைப்பேனோ அதே வேகத்தில் உழைக்க வேண்டும் என்று ஆலன் அவன் தாய்க்கு எழுதினான். மகனின் புகைப்படம் ஒன்றும் கேட்டான். அந்தத் தாய் படத்தைக் கொடுத்தார். மகனுக்கென்று ஏற்பாடாகியிருந்த ஜிப்ரால்டர் பயணத்துக்கு ஆலனைக் கூட்டிப்போனார். தங்கள் வீட்டுக்கு வந்தபோது கிறிஸ்டோபரின் படுக்கைப் பையில் அவனைத் தூங்கவிட்டார். மகன் பெயரில் பள்ளியில் நிறுவிய அறிவியல் பரிசை ஆலனே வென்றான்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் விடுதியிலும் பதினோராம் வகுப்பில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் தலையணை உறைக்குள் ஒரு கடிதம் கிடைத்தது. முழுக்கப் படித்தேன். தகாத சொல் ஒன்றுகூட அதில் இல்லை. விடுமுறை முடிய இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் போட்டிருந்தான், அவ்வளவுதான். பெற்றோரை வரவழைத்தேன். என் மேசைக்கு முன்னாலேயே அவன் அப்பா அவனை அறைந்தார். நான் தடுக்கவில்லை. மறுநாள் டி.சி. வாங்கிக்கொண்டு, “போயிட்டு வரேன் சார்” என்று சொல்லிவிட்டுப் போனான். என் வகுப்பில் கரும்பலகைக்கு முதலில் எழுந்து வருகிறவன் அவன்தான். இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

டூரிங்கை உலகம் அறியும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ரகசியக் குறியீடுகளை உடைத்தவர்களில் முதன்மையானவர். 1952-ல் அதே 1885-ன் சட்டம் அவரைக் குற்றவாளியாக்கியது. சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சையை ஏற்றுக்கொண்டார். 1954 ஜூன் 7-ல், நாற்பத்தொன்றாம் வயதில், சயனைடு நஞ்சால் இறந்தார். பிரிட்டிஷ் அரசு மன்னிப்புக் கேட்டது 2009-ல். ஆங்கிலேயர் 1860-ல் நமக்கு எழுதிக்கொடுத்த தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவும் இதே பார்வையில் பிறந்ததுதான். வயது வந்தவர்கள் மனமொத்துக் கொள்ளும் உறவை 2018-ல் உச்ச நீதிமன்றம் அதன் பிடியிலிருந்து விடுவித்தது.

சட்டம் மாறினாலும் விடுதி அறைகள் தானாக மாறிவிடாது. காப்பாளர்களுக்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறேன். மிரட்டல், வற்புறுத்தல், வயதில் மூத்தவரின் சுரண்டல் எதுவானாலும் உடனே தடுங்கள். அது நம் கடமை. ஆனால் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைமேல் வைத்த அன்பு மட்டுமே எழுதியிருக்கும் கடிதம் உங்கள் கையில் கிடைத்தால், மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.